சக்களத்தியின் சொந்தக்காரி

ஜூன் மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இட்வல் பெப் தன் விமானத்தைத் தரையிறக்கிய விதத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி வியக்கிறார்கள். அலுங்காமல் குலுங்காமல், இறங்கியதே தெரியாமல் இறக்கினார். ஒரே ஒரு குறைதான். ஓடுபாதை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. இட்வல் இறங்கியது வேலிக்கு இந்தப் பக்கம், கெதின் முந்தின நாள் புல் அறுத்துச் சமமாக்கி வைத்திருந்த வயலில்.

கெதின்தான் அந்த நிலத்துக்காரர். ஆடு வளர்க்கிறவர். மலைச்சரிவில் ஆட்டுக்குப் போக மிச்சமிருந்த நீளப் பட்டையை ஓடுபாதை என்று சொல்லி, தகரக் கொட்டகை ஒன்றும் போட்டு, ஐந்தாறு சிறுவிமானக்காரர்களுக்கு இடம் கொடுத்திருந்தார். அவர் ஓடி வந்து, நம்ம ஓடுபாதை உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு என்று கிண்டல் செய்தார். இட்வல் சிரிக்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வேலியைப் பார்த்தார். வேலி இருந்தது. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வேலியின் நடுவில் ஒரு பெரிய அழுக்கு விரல் வைத்துத் தேய்த்த மாதிரி ஒன்றும் இல்லாமல் இருந்தது. கெதினைக் கூப்பிட்டு, வண்டியைத் தள்ளிக் கொட்டகையில் சேர்க்க ஒரு கை கொடுக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, விற்கப் போகிறேன் என்றார். எதை, காரையா என்று கேட்டாள் அவருடைய மனைவி நெரிஸ்.

"இல்ல. அவளை."

நெரிஸ் கையிலிருந்த உருளைக்கிழங்கைத் தோலோடு பாத்திரத்தில் போட்டாள்.

அவள் என்றால் அந்த விமானம்தான். இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரும் சின்ன வண்டி. மேலே துணி போர்த்திய இறக்கை, முன்னால் பெரிய மோட்டார் சைக்கிளுக்குப் போடலாம் போன்ற ஒரு இன்ஜின், பக்கவாட்டில் இட்வல் தன் கையாலேயே கறுப்புப் பெயின்ட் அடித்து எழுதிய பதிவு எழுத்துகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் வாங்கியது. அன்று முதல் இருபத்திரண்டு வருஷமாக நெரிஸ் அதைச் சக்களத்தி என்றுதான் சொல்லி வந்தாள். மழை இல்லாத ஞாயிறுகள் எல்லாம் அவளுக்கு. மழை பெய்யும் ஞாயிறுகளில்கூட, இறக்கையில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவளுக்குத்தான். அவர்களுடைய இருபத்தைந்தாவது திருமண நாளன்று இட்வல் பூங்கொத்து வாங்கி வந்தார். பூ மணக்கவில்லை, பெட்ரோல் மணத்தது.

நெரிஸ் ஊர்ஊராகப் போகும் நூலக வேனை ஓட்டியவள். இரண்டு ஆடு எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்துகளில் அந்தப் பெரிய வேனை இருபத்தாறு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினாள். புத்தகம் மாற்ற வருகிறவர்களிடமெல்லாம், எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு பொண்டாட்டி, நான் சமைச்சுப் போடறவ, அவ ஞாயித்துக்கிழமைக்காரி என்று சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புக்கு அடியில் கொஞ்சம் புகைச்சலும் இருந்தது. அதை அவள் மறைத்ததும் இல்லை.

ஆகவே, சக்களத்தி தொலையப் போகிறாள் என்ற செய்தி கேட்டு அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட முடியவில்லை. கடற்கரை ஊரிலிருந்த கண் மருத்துவமனையில், வயசால் வருவது, இடது கண்ணின் நடுப்பகுதி தேய்ந்துபோயிற்று, வலது கண்ணைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். விமானம் ஓட்டுகிறவர் தன் உடம்பு சரியாக இருக்கிறது என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஊர் டாக்டரிடமும் ஒரு கையெழுத்து வாங்கி வைத்திருக்க வேண்டும் என்பது வழக்கம். ஒரு கண் நல்லா இருக்கே, கேட்டுப் பாக்கலாம் என்றுகூட நல்ல மனுஷரான அந்த டாக்டர் சொன்னார். இட்வல் கையெழுத்துப் போட வேண்டிய தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேலி தெரியாதவன் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று எழுந்து வந்துவிட்டார். கார்ச் சாவியையும் அன்றைக்கே நெரிஸிடம் கொடுத்துவிட்டார். அது கேட்காமலே கொடுத்தது.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் நெரிஸைப் பயமுறுத்தின. இட்வல் சாகும்வரை மாற மாட்டார் என்று அவள் நினைத்திருந்த ஒரு பழக்கம் உண்டு. வானத்தில் எங்கே இன்ஜின் சத்தம் கேட்டாலும் தலையைத் தூக்கிவிடுவார். சொந்த அக்காவின் சவ அடக்கத்தில், பாதிரியார் மண்ணை அள்ளிப் போடச் சொன்ன நேரத்தில், ஒரு கை மண்ணோடு மேலே பார்த்துக்கொண்டு நின்ற மனுஷர் அவர். இப்போது தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், தலைக்கு நேர் மேலே ஒரு சிறுவிமானம் போகிறது, அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நெரிஸ் சமையலறை ஜன்னலில் நின்று அதைப் பார்த்தாள். இந்த மனுஷரிடமிருந்து அந்தச் சக்களத்தியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை வாய்விட்டுக் கேட்கவும் தெரியவில்லை.

கெதின் சிறுவிமானக்காரர்களின் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தில் இருந்து ஹெஸ்டர் த்வெய்ட் என்ற பெண் தொலைபேசியில் பேசினாள். மாட்டு டாக்டர். பறக்கத் தெரிந்தவள், சொந்தமாக விமானம் இல்லாதவள். ஜூலைக் கடைசிச் சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

நெரிஸும் போனாள். வேறு வழியில்லை, கார் ஓட்டுகிறவள் அவள்தான். ஆனால் வழி இருந்திருந்தாலும் போயிருப்பாள், அவரைத் தனியாக விட அவளுக்கு மனசில்லை. தேநீரில் ஊறவைத்த உலர்திராட்சை போட்ட ரொட்டி ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டாள். அந்தக் கொட்டகைக்கு வெறுங்கையோடு போகிற வழக்கமில்லை.

"வாங்க ஓனரம்மா" என்றார் கெதின், கேட்டைத் திறந்துகொண்டே.

இதுவும் இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம். ஆகஸ்ட்டில் ஒரு நாள் எங்கெங்கிருந்தோ இருபது முப்பது சிறுவிமானங்கள் அங்கே வந்து கூடும். அன்று மட்டும் நெரிஸ் போய்த் தேநீரும் பலகாரமும் கொடுப்பாள். முகம் தெரியாத பைலட்டுகள் எல்லாம் வந்து கை குலுக்கி, நீங்கதான் ஓனரா, ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க என்பார்கள். மற்ற நாட்களில் எட்டிப்பார்க்கக்கூட வராத மனைவியை நையாண்டி செய்ய இட்வல் கிளப்பிவிட்ட கேலி இது என்பது அவள் எண்ணம். ஆமாம், டயர்ல ஒட்டின ஆட்டுப் புழுக்கையைச் சுரண்டறதும் இந்த ஓனர்தான் என்று திருப்பிக் கொடுப்பாள். அவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவள் எதிர்பார்த்த அளவுக்குச் சிரிக்க மாட்டார்கள்.

ஹெஸ்டருக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும். பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு நேரே வந்தவள்போல முழங்கை வரை சட்டையைச் சுருட்டியிருந்தாள். வந்ததும் தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு விமானத்தின் அடியில் மல்லாந்து படுத்துவிட்டாள். இன்ஜினை முகர்ந்தாள், துணியைத் தட்டிப் பார்த்தாள், ஒவ்வொரு ஒட்டுக்கும் காரணம் கேட்டாள். இட்வல் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார்.

குளிர்ந்த காலையில் அவளுக்கு எழுந்திருக்கப் பிடிக்காது, அவசரப்படுத்தக் கூடாது. மேலே கிளம்பும்போது இடது பக்கம் இழுப்பாள், அவள் இழுப்பதற்கு முன்னாலேயே வலது காலைக் கொடுத்துவிட வேண்டும். பக்கக்காற்று மணிக்குப் பன்னிரண்டு மைலுக்கு மேல் போனால் ஒன்றும் சொல்ல மாட்டாள், ஆனால் பிடிக்கவில்லை என்று நமக்கே தெரியும். இப்படிப் போயிற்று. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பன்கூட அவ்வளவு விவரமாகச் சொல்லியிருக்க மாட்டான். கல்யாணமான நாற்பத்திரண்டு வருஷத்தில் தன்னைப் பற்றி யாரிடமாவது இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா என்று நெரிஸுக்கு ஒரு எரிச்சல் வந்தது. கூடவே, ஆறு வாரமாகப் பேசாதவர் இந்த ஒரு மணி நேரத்தில் பேசிவிட்டார் என்பதும் உறைத்தது. ரொட்டியை வெட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

ஹெஸ்டருக்குப் பிடித்துவிட்டது. கொட்டகைக்குள்ளிருந்த மேசைக்கு வந்து, கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். அரசாங்கப் பதிவேட்டின் நகல். விமானத்தின் எழுத்துகளைக் கொடுத்தால் அது யாருடையது என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். சிறுவிமானக்காரர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. புதிதாக ஒரு வண்டி வந்து இறங்கினால், இறங்கியவர் தேநீரை வாயில் வைப்பதற்குள் அவர் பெயர், ஊர் எல்லாம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும்.

"இதுல ஓனர்னு ரெண்டு பேர் இருக்கு" என்றாள் ஹெஸ்டர், நெரிஸைப் பார்த்து. "அதனால ரெண்டு பேரோட கையெழுத்தும் வேணும். உங்க பேர்தான் முதல்ல இருக்கு."

யாரோ எழுத்தர் தவறாகப் போட்டுவிட்டார்கள் என்றாள் நெரிஸ். ஹெஸ்டர் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். நெரிஸ் ஆன் பெப். அதற்குக் கீழே இட்வல் பெப். பதிவான வருஷம் எண்பத்தேழு.

நெரிஸ் நிமிர்ந்து பார்த்தாள். இட்வல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெதினும் ஆச்சரியப்பட்டார், ஆனால் வேறு காரணத்துக்காக.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றார். "பின்ன நாங்க எதுக்கு இத்தனை வருஷமா ஓனரம்மான்னு கூப்பிடறோம்?"

இருபத்திரண்டு வருஷமாகப் பல ஊர்களிலிருந்து ஆள் வந்து கை குலுக்கியது கேலியில்லை. அத்தனை பேரும் தாளைப் பார்த்துவிட்டு மரியாதையாக நடந்துகொண்டிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்தது அவளுக்கு மட்டும் தெரியவில்லை. முகத்தில் குப்பென்று சூடு ஏறியது. எழுந்து வெளியே போனாள். இட்வல் பின்னாலேயே போனார்.

விமானத்தின் வாலுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள்.

"எப்ப போட்ட என் பேரை?"

"வாங்கின அன்னைக்கே. நம்ம கேரவன் வண்டி இன்சூரன்ஸ் பேப்பரோட சேர்த்து நீட்டினேன். நீ போட்டுட்ட."

"படிக்காம போட்டிருக்கேன்."

"நான் நீட்டினா நீ படிக்க மாட்ட."

அது உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்லி அப்போது தப்பிக்க முடியாது. ஊரெல்லாம் பார்த்துச் சிரிக்கிற மாதிரி என்னை முட்டாளாக்கி வைத்திருக்கிறாயே, சக்களத்தி சக்களத்தி என்று நான் வேனில் ஏறி இறங்கினவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே என்று அவள் பொரிந்து தள்ளினாள். இட்வல் குறுக்கே பேசவில்லை. தார் போடுகிற ஆட்களுக்கு மேஸ்திரியாக முப்பது வருஷம் சாலையில் நின்றவர், வைகிறவர்களை வைதுமுடிக்க விட்டுவிடுவது அவருக்குப் பழக்கம். அவள் மூச்சு வாங்கியபோது சொன்னார்.

"ஃபாரத்துல ஓனர்னு ரெண்டு கோடு போட்டிருந்தான். எனக்குன்னு தனியா, உனக்கு இல்லாம, நம்ம வீட்டுல அதுவரைக்கும் ஒரு பொருளும் இருந்ததில்ல நெரிஸ். எனக்கு மனசு வரல."

நெரிஸுக்கு அடுத்த வசவு மறந்துபோயிற்று.

"அதைச் சொல்றதுக்கென்ன?"

"ஒரு நாள் நீ வந்து ஏறி உட்காருவ, அப்ப தானா பார்ப்பன்னு இருந்தேன். பதிவுச் சர்டிபிகேட் நகலை வலது சீட்டுக்கு நேர் எதிர்லதான் ஒட்டி வச்சிருக்கேன்."

"நீ என்னைக் கூப்பிடவே இல்லயே."

"கூப்பிட்டேனே. வாங்கின வாரமே. கயித்தால கட்டி இழுத்தாலும் வர மாட்டேன்னு சொன்ன."

"சொன்னேன். அதுக்கப்புறம்?"

"அதான் சொல்லிட்டியே."

நெரிஸ் அவரையே பார்த்தாள். அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வாய் தேநீரைக்கூட முதல் தடவை கேட்டதும் யாரும் சரி என்று சொல்வதில்லை. வேண்டாம் என்பதுதான் மரியாதை. மறுபடி கேட்பது அதைவிட மரியாதை. மூன்றாவது தடவை கேட்ட பிறகு, நீங்க இவ்வளவு சொல்றதால என்று வாங்கிக்கொள்வார்கள். மீட்டர் பார்க்க வருகிறவனைக்கூட மூன்று தடவை கேட்டு உட்கார வைக்கிற இட்வல், தன் பெண்டாட்டியை மட்டும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, அவள் சொன்ன மாட்டேனைக் கல்லில் வெட்டிய சாசனம் மாதிரி இருபத்திரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

"அது முதல் தடவை சொன்ன மாட்டேன்டா மடையா" என்றாள் நெரிஸ். "முதல் தடவை எவ சரின்னு சொல்லுவா?"

"மறுபடி கேட்டா வற்புறுத்தற மாதிரி இருக்குமேன்னு..." அவர் முடிக்கவில்லை. "கேட்டிருந்தா வந்திருப்பியா?" என்றார்.

"ஓடி வந்திருப்பேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீ சாவியை எடுக்கறப்ப இன்னைக்குக் கேப்ப, இன்னைக்குக் கேப்பன்னு நின்னிருக்கேன். பத்து வருஷம் நின்னேன். அப்புறம்தான் நிஜமாவே திட்ட ஆரம்பிச்சேன்."

இட்வல் ஏதோ சொல்ல வந்தார். அவருடைய நல்ல கண்ணும் கெட்ட கண்ணும் ஒரேமாதிரி நனைந்திருந்தன. சரி, இப்ப வா என்று சொல்லத்தான் வந்திருப்பார். சொல்ல முடியாது என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. இனிமேல் அவர் அவளை எங்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது. சட்டம் இருக்கட்டும், வேலி தெரியாத மனுஷர் ஒருவர் அவளை ஏற்றிக்கொண்டு போக அவரே சம்மதிக்க மாட்டார். நெரிஸ் விசும்பி அழுதாள். இட்வல் கைக்குட்டையை நீட்டினார். அதில் எண்ணெய்க் கறை. அவள் அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே ஹெஸ்டரும் கெதினும் சுவரில் மாட்டியிருந்த ஆட்டு மருந்துக் காலண்டரை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். நெரிஸ் வந்து மேசைக்கு எதிரே நின்றாள்.

"எனக்குச் சொந்தமான பொருளை ஒரு தடவைகூட ஏறிப் பார்க்காம விக்கறதுக்கில்ல" என்றாள். "நீங்க ஓட்டிப் பார்க்கணும் இல்லயா? நானும் பக்கத்துல வர்றேன்."

வாங்குகிறவர் ஓட்டிப் பார்ப்பதும், பொருளுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வருவதும் வழக்கம்தான். ஹெஸ்டர் மறுபேச்சுப் பேசாமல் எழுந்தாள். கெதின் ஓடுபாதையில் மேய்ந்த ஆடுகளை விரட்டப் போனார். இட்வல் வலது பக்கக் கதவைத் திறந்து, எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். அவர் காட்டின இடத்தில் அவள் கையை வைத்துப் பார்த்தாள்.

கிளம்பும்போது வண்டி இடது பக்கம் இழுத்தது. ஹெஸ்டர் அதற்கு முன்னாலேயே காலைக் கொடுத்துவிட்டாள். தரை சட்டென்று கீழே போயிற்று. பயத்தில் நெரிஸால் எதிரே இருந்ததைத்தான் பார்க்க முடிந்தது. எதிரே அவள் பெயர் இருந்தது. கண்ணாடித்தாளுக்கு அடியில், வெயில் பட்டு லேசாகப் பழுத்த நகலில், முதல் வரியில்.

பிறகு மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அவள் வாரம் முழுவதும் ஓட்டித் தீர்த்த சந்துகளெல்லாம் ஒரே பார்வையில் அடங்கிக் கிடந்தன. வேன் போகிற செவ்வாய்க்கிழமை ஊரும் வியாழக்கிழமை ஊரும் ஒரு மேட்டுக்கு இரண்டு பக்கமும் முதுகு காட்டிக்கொண்டு, கூப்பிடு தூரத்தில் இருந்தன. அவள் அதைச் சுற்றி இருபத்தாறு வருஷம் பதினோரு மைல் போயிருக்கிறாள். டவி ஆறு கடலைப் பார்க்க வளைந்து வளைந்து போயிற்று. அதன்மேல் மேகத்து ஓட்டை வழியாக வெளிச்சம் விழுந்து நகர்ந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் இட்வல் வந்து, இன்னைக்கு ஆத்துல வெளிச்சம் எப்படி இருந்துச்சு தெரியுமா என்று ஆரம்பிப்பார். சரி சரி, கையைக் கழுவிட்டு வா என்பாள் அவள். அப்படி ஆயிரம் ஞாயிறுகள். இதைத்தான் அவர் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குக் கொண்டுவரப் பார்த்திருக்கிறார்.

இறங்கி இன்ஜினை அணைத்ததும், பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் ஹெஸ்டரிடம் சொன்னாள்.

"அவர் பாதியை நீங்க வாங்கிக்கலாம். என் பாதி விக்கறதுக்கில்ல."

கதவோரம் வந்து நின்ற இட்வல் வாயைத் திறந்தார். கெதின் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். சும்மா இரு என்று அர்த்தம்.

ஹெஸ்டர் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு விமானத்தை நாலு பேர், எட்டுப் பேர் சேர்ந்து வைத்திருப்பது அங்கே புதிதில்லை. ஆனால் அவள் முழுசாக ஒன்று வாங்க வந்தவள், ஒற்றையாள். மாடு கன்று போடுகிற காலத்தில் அவளுக்கு மாதத்துக்கு இரண்டு நாள்கூடச் சும்மா கிடைக்காது. கொட்டகை இங்கே இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. இன்ஜின் வேலை முழுக்க இட்வல்தான் பார்க்க வேண்டும், அவர் பேச்சுக்கு மேல் பேச்சில்லை, இதற்குச் சம்மதம் என்றால் தனக்கும் சம்மதம் என்றாள். அதற்குத்தான் நானும் இவ்வளவு நேரம் பாடுபடுகிறேன் என்று நெரிஸ் சொல்லவில்லை. சரி என்று மட்டும் சொன்னாள்.

"அப்ப கையெழுத்துக்கு முன்னாடி, இவரையும் ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க."

இட்வலின் முகம் இறுகிவிட்டது.

"நான் எதுக்கு?" என்றார். "இருபத்திரண்டு வருஷம் ஓட்டினவன், பக்கத்து சீட்ல கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்து வரவா? வேண்டாம்."

அது மரியாதைக்குச் சொன்ன வேண்டாம் இல்லை. உள்ளே எங்கோ அடிபட்ட இடத்திலிருந்து வந்த வேண்டாம். ஹெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டாள். கெதின் ஆடுகளைப் பார்த்தார். நெரிஸுக்கும் அது புரிந்தது. புரிந்ததால் விட்டுவிட வேண்டும் என்று இத்தனை வருஷம் நினைத்ததுதான் தப்பு என்பதும் புரிந்தது.

"வா இட்வல்" என்றாள் மறுபடி.

"வேண்டாம்னு சொன்னேன் இல்ல."

"கேட்டுச்சு." அவள் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு கீழே இறங்கி அவர் எதிரில் வந்து நின்றாள். "மூணாவது தடவையும் கேக்கறேன். வா."

இட்வல் வெகுநேரம் நின்றார். பிறகு நடந்தார். கால் பழக்கத்தில் இடது பக்கக் கதவுக்குத்தான் போயிற்று. அங்கே ஹெஸ்டர் உட்கார்ந்திருந்தாள். கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு அவர் நின்றுவிட்டார். அவரே கையை எடுத்துக்கொண்டு, இன்ஜினைச் சுற்றி, அதன் மூக்கை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டு, வலது பக்கத்துக்கு வந்தார். ஆறேழு அடி தூரம்தான். நெரிஸ் தன் வாழ்நாளில் பார்த்ததிலேயே நீளமான நடை அது.

ஏறி உட்கார்ந்தார். அந்தப் பக்கத்து பெல்ட் அவர் கைக்குப் பழக்கமில்லை. கொக்கி இடது பக்கம் எங்கோ கிடந்தது. கண்ணுக்கும் அகப்படவில்லை. இரண்டு தடவை துழாவினார். நெரிஸ் குனிந்து அதை எடுத்தாள்.

"நானே மாட்டிக்குவேன்" என்றார்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அவளே மாட்டினாள். இழுத்துப் பார்த்துக் கதவைச் சாத்தினாள். ஓடுபாதையில் மறுபடி ஆடுகள் வந்துவிட்டிருந்தன. அவற்றை விரட்டக் கெதினோடு அவளும் போனாள்.